ஐந்தாவது அர்த்தம்

அம்மாவின் வலது பெருவிரலை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள் பவதாரணி. நகத்தைச் சுற்றியிருந்த கறுப்பு போகவில்லை. பதினெட்டு வருடம் ஏலக்காய் பறித்த கை. காம்பைக் கிள்ளும் இடத்தில் கறை தோலுக்குள் இறங்கி, கோடு கோடாக நின்றுவிட்டிருந்தது.

"விடுடி. அது போகாது," என்றாள் மகாராணி. அம்மாவோடு ஒரே ஜீப்பில் மலைக்குப் போகிறவள். தன் கையை விரித்துக் காட்டினாள். "இந்தா பாரு, எனக்கும் இருக்கு. கருவாட்டுக் கொழம்பு தின்னாலும் பாயாசம் தின்ன மாதிரிதான் மணக்கும். ஒங்கம்மாதான் சொல்லும், நம்ம தெனமும் விருந்து சாப்பிடுறோம்டின்னு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறாகிப் போனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

காலை ஐந்தரைக்கு ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, மடியில் சாப்பாட்டுப் பை. இரண்டாவது ஹாரனுக்கும் எழுந்திருக்கவில்லை. "என்னக்கா, இன்னிக்கி மெட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் பிரபாகரன் இறங்கி வந்து தோளைத் தொட்டிருக்கிறான். அவன் கத்திய பிறகுதான் பவதாரணி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். துண்டின் முடிச்சை அவள்தான் அவிழ்த்தாள். துண்டுக்குள் அம்மாவின் தலை இன்னும் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு ஜீப் போடிமெட்டு மலை ஏறவில்லை. தெருவிலேயே நின்றது. அதில் போகும் பன்னிரண்டு பெண்களும் இறங்கி வந்து, அவரவர் சாப்பாட்டுப் பையைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கங்காணியிடமிருந்து மகாராணிக்கு இரண்டு முறை போன் வந்தது. "இன்னிக்கி மொதலாளியவே கூடையக் கட்டிக்கிட்டுப் பறிக்கச் சொல்லுங்க," என்று சொல்லி அணைத்துவிட்டாள்.

மணி இரண்டாகிவிட்டது. குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து குடத்தோடு வைத்தாயிற்று. வெளியே பாடைத் தேர் கட்டி முடிந்தது. பாண்டியராஜன் சித்தப்பா மட்டும் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அப்பாவின் தம்பி. அப்பா போனபின் இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற ஒரே ஆண்.

"எதுக்கு சித்தப்பா இன்னும் காக்க வச்சிருக்கீங்க? அம்மாவக் குளிப்பாட்டிருவோம்."

"ராசிங்காபுரத்துல இருந்து கோடிச்சேல வரணும்ல."

பவதாரணி எலுமிச்சைத் தோலைக் கீழே போட்டாள். "வேணாம்னு காலையிலேயே சொன்னேன்."

"நீ சொல்லுவ. நான் போன் போட்டுட்டேன். ஒங்க மாமா வந்துக்கிட்டிருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "பொறந்த வீட்டுக் கோடி விழாம எந்தப் பொம்பளையத் தூக்கிருக்காக? நானே தோள் குடுத்தாலும் பங்காளிக குடுக்க மாட்டாங்க. நாளைக்கி ஒனக்கு ஒரு கல்யாணம்னா மாமன் எடத்துல யாரு நிப்பா? நீ பாஷ படிக்கிற கொரியாக்காரனா?"

"அம்மா சொல்லிருக்கு சித்தப்பா."

"என்னன்னு?"

"மாமா கோடி எம்மேல விழக்கூடாதுன்னு."

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "கோவத்துல ஆயிரம் சொல்லும். அதையெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்காத தாயி."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அது. அடுத்த மாதம் சென்னையில் கொரிய மொழிப் பரீட்சை. அதில் தேறினால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார்க் கம்பெனியில் மொழிபெயர்க்கும் வேலைக்குப் போகலாம். போனிலேயே வகுப்பு, போனிலேயே அகராதி. நோட்டில் மட்டும் மூன்று கட்டங்கள் போட்டிருந்தாள்: கொரிய எழுத்து, அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், பிறகு அர்த்தம். நடுக்கட்டம் அம்மாவுக்காக. எட்டாவது வரை படித்த அம்மாதான் அவளுக்குக் கேள்வி கேட்கிறவள்.

அன்று முழுவதும் ஒரே ஒரு சொல் அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. அம்மா வெங்காயம் உரித்தபடி நோட்டைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஸ்ஸுதா?"

"எழுதுறது."

"அப்பறம்?"

"உபயோகிக்கிறது. அப்பறம் தலையில போட்டுக்கிறது. தொப்பி, முக்காடு எல்லாம். கொடை பிடிக்கிறதும் அதான். அப்பறம் கசக்குறது."

"எழுதுறதும் கசக்குறதும் ஒண்ணா? ஒனக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க."

"அம்மா."

"சரி, ஒருத்தன் வந்து ஸ்ஸுதான்னு சொன்னா எதச் சொல்றான்னு எப்பிடித் தெரியும்?"

"பக்கத்துல என்ன சொல் வருதுன்னு பாக்கணும். பேனா வந்தா எழுதுறது. கடுங்காப்பி வந்தா கசக்குறது. தனியா நின்னா ஒண்ணும் தெரியாது."

"தனியா நின்னா யாரையும்தான் தெரியாது," என்றாள் அம்மா, அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே.

மாதிரி வினாத்தாளில் இருந்த ஒரு வாக்கியத்துக்கு இந்த நான்கு அர்த்தங்களில் எதுவும் பொருந்தவில்லை. பவதாரணி போனில் தேடினாள். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. "அவன் திருடன் என்ற பழிக்கு ஆளானான். பழியை ஸ்ஸுதா. அதாவது, பொய்ப்பழியைத் தலையில் போட்டுக்கொள்வது," என்று வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று உறைத்தது.

அம்மாவின் கை வெங்காயத்தின் மேல் அப்படியே நின்றது.

பவதாரணிக்கு நான்கு வயதிருக்கும்போது நடந்தது. ராசிங்காபுரத்தில் அம்மாவைப் பெற்றவள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கடைசிப் பதினோரு நாளும் கூட இருந்து பார்த்தது அம்மாதான். பதினாறாம் நாள் கருமாதிக்குக் கூடியிருந்த கூட்டத்தில், இறந்தவளின் காதில் கிடந்த தண்டட்டி இரண்டையும் காணவில்லை என்று பேச்சு எழுந்தது. மாமாவின் மனைவி காளீஸ்வரி, "மடிய உதறிக் காமிக்கட்டும்," என்றாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எழுந்து நின்று அத்தனை பேர் முன்னாலும் சேலை மடியை அவிழ்த்து உதறினாள். எதுவும் விழவில்லை. அதற்குப் பிறகும் ஊர்ப்பேச்சில் அம்மா எடுத்தவளாகவே இருந்தாள். பவதாரணிக்கு அந்த நாளின் முகங்கள் ஞாபகமில்லை. துணி காற்றில் சொடுக்கிய சத்தம் மட்டும் இருந்தது. ஒரு வாரத்தில் அம்மா பிறந்த வீட்டை விட்டு வந்து போடியில் இந்த ஒற்றை அறை வீட்டைப் பிடித்தாள். தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுப் பெண், அடுத்த திங்கட்கிழமை எஸ்டேட் ஜீப்பில் ஏறினாள்.

"திருட்டுப் பட்டத்த, தலையில போட்டுக்கிறதுன்னா சொல்றாங்க அந்த ஊர்ல?" என்று அம்மா கேட்டாள்.

"ம்."

"தொப்பி மாதிரி?"

"ம்."

அம்மா வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினாள். "நம்ம பக்கம் சுமத்துறதுன்னு சொல்லுவோம். தலைச்சொமைய எறக்கி வைக்க இன்னொரு கை வேணும். ஒத்தையில எறக்க முடியாது. நானும் இத்தன வருசம் கை வரும் கை வரும்னு பாத்தேன். தொப்பின்னா நம்மளே கழட்டிறலாம்ல?"

பவதாரணி அகராதியில் மறுபடி தேடினாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. "இருக்கும்மா. பொத்தா. கழட்டுறது. பழி நீங்குறதுக்கு அப்பிடியேதான் சொல்றாங்க, கழட்டுறதுன்னு."

"பாத்தியா?" அம்மா சத்தமாகச் சிரித்தாள். வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "ஒன் கம்பெனிக்காரன் எனக்கே வேல குடுப்பான் போல."

பிறகு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "நான் போனா ஒன் மாமன் கோடி எம்மேல விழக்கூடாது. கேட்டுக்க," என்றாள்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"சொல்லி வைக்கிறேன். பரிச்சைக்கு வரும்."

தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது.

ராசிங்காபுரத்து வேன் வந்துவிட்டது. காசிமாயன் மாமா முன்னால் வந்தார். தலையில் வெள்ளை உருமால். இரண்டு கையிலும் தாங்கிய தட்டில் பட்டுச்சேலை, பூ, தேங்காய். பின்னால் காளீஸ்வரி அத்தையும் ஆறேழு பேரும். மாமாவுக்கு வயதாகிவிட்டிருந்தது. ஒரு கால் இழுத்தது. வாசலை நெருங்கும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. "ஆத்தா ஆயம்மா, அண்ணன் வந்திருக்கேன் பாருத்தா..."

அந்தக் குரல் பொய்யில்லை. அது பவதாரணிக்குத் தெரிந்தது. அதனாலேயே எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தது. இந்த உலகத்தில் அம்மாவின் மூக்கு உள்ள ஒரே மனிதர் இவர்தான். எழுந்து போய் நிலைப்படியில் நின்றாள்.

"மாமா. ஒரு நிமிசம்."

கொட்டுக்காரர் கையை நிறுத்தினார்.

"எங்கம்மா தண்டட்டிய எடுக்கலன்னு இங்க வச்சு ஒரு வார்த்த சொல்லுங்க. சொல்லிட்டு உள்ள வாங்க."

யாரோ ஒருவரின் போன் அடித்து, அவசரமாக அணைந்தது.

"நல்லாருக்குடி," என்றாள் காளீஸ்வரி அத்தை. "பொணத்தப் போட்டு வச்சுக்கிட்டுப் பஞ்சாயத்துப் பேசுறியா? ஒங்கம்மா வளத்த வளப்பு!"

"ஆமா அத்தை. அவங்க வளத்ததுதான்."

"தாயி," என்றார் மாமா. "அதெல்லாம் அன்னிக்கே விட்டாச்சு. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல. அப்பவே மன்னிச்சு விட்டுட்டேன்."

"நீங்க மன்னிக்கிறதுக்கு அது ஒண்ணும் செய்யல மாமா."

அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு பவதாரணியின் தோளுக்கு மேலாக உள்ளே கிடந்தவளைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று அந்த நொடியில் பவதாரணிக்குத் தோன்றியது. அம்மா எடுக்கவில்லை என்று தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

"செத்தவளுக்கு எதுக்கும்மா இது?" என்றார்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நின்றபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. அம்மா அவரிடம் எதையும் கேட்கச் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வெங்காயத்தை உரித்துக்கொண்டே அம்மா அதைக் கைவிட்டிருந்தாள். இப்போது கேட்பது தான்தான். சுமையோடு தலையை நீட்டிக்கொண்டு, இந்த மனிதரின் கை வரட்டும் என்று நிற்பது தான்தான்.

முகத்தில் சூடு ஏறியது. அவமானமா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"வேணாம் மாமா," என்றாள். "நீங்க சொல்ல வேணாம்."

மாமாவின் முகம் தளர்ந்தது. உள்ளே வரப் படியில் காலெடுத்து வைத்தார். அவள் நகரவில்லை.

"நீங்க சொல்லவும் வேணாம். கோடியும் வேணாம்." திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மகாராணி சின்னம்மா, காலையில நீங்க எடுத்துட்டு வந்த சேல எங்க?"

மகாராணி மிரண்டு போனாள். "அது ஜீப்புல கெடக்குடி. மாலைக்குப் பதிலா போத்தலாம்னு, ஆளாளுக்குக் காசு போட்டு எடுத்தது. நூலுச்சேலதான்."

"கொண்டாங்க. அதான் கோடி."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சித்தப்பா வேகமாக வந்தார். "ஏய், என்ன சோலி பாக்குற நீ? கோடின்னா பொறந்த வீடு போடுறது. இவுக யாரு எவருன்னு..."

"யாரு எவருன்னா?" மகாராணிக்கு இப்போது மிரட்சி போய்விட்டது. எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். "அண்ணே, பத்து பேரு போற ஜீப்புல பதிமூணு பேரு போறோம். ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து பதினெட்டு வருசம். அட்ட கடிச்சா ஒருத்தி கால ஒருத்தி பிடிச்சுப் பிடுங்கி விட்ருக்கோம். எனக்கு மூணாவது புள்ள தங்காமப் போனப்ப அந்த மேட்டுல வச்சு எனக்கு வெந்நி போட்டுக் குடுத்தது இது. பொறந்த வீட்ல இத விட என்ன செய்வாங்க, சொல்லுங்க, அதையும் செஞ்சுட்டுப் போறோம்."

சுவரோரம் இருந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். பிரபாகரன் அதற்குள் ஜீப்புக்கு ஓடி, சீட்டுக்கு அடியிலிருந்து துணிக்கடைப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பங்காளிகளில் ஒருவர், "இப்பிடின்னா நாங்க தொட மாட்டோம் பாண்டி," என்றார்.

"நீங்க தொடாட்டி நாங்க தூக்குறோம்," என்றாள் மகாராணி. "ஏலக்கா மூட்டைய விடவா கனத்துரும் இது? பாவம், எலும்பும் தோலுமாக் கெடக்கு."

சித்தப்பா பங்காளிகளைப் பார்த்தார். தட்டோடு நிற்கிறவரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மலையைப் பார்த்தார். மெட்டுப் பக்கம் மேகம் கறுத்து, பாதி மலை வரைக்கும் இறங்கியிருந்தது. அவர் எதை நினைத்தார் என்று தெரியவில்லை. அண்ணி பதினெட்டு வருடம் அந்த மலைக்குப் போய்வந்ததை நினைத்தாரோ, மழையை மட்டும் நினைத்தாரோ.

"வெரசா ஆகட்டும்," என்றார் பொதுவாக. "மழைக்குள்ள போய்ச் சேரணும். டேய், ரெண்டு பேரு தேர்கிட்ட வாங்கடா. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கிருவோம்."

மகாராணி அடுப்படிக்குள் போய் ஒரு சோற்றுத் தட்டை எடுத்து வந்தாள். அம்மா தினமும் சாப்பிடும் தட்டு, ஓரம் நெளிந்தது. சேலையை அதில் வைத்து, யாருடைய கொண்டையிலிருந்தோ எடுத்த ஒரு துண்டுப் பூவை மேலே வைத்தாள். பன்னிரண்டு பேரும் தெருவுக்கு இறங்கி, ஜீப்பிலிருந்து தொடங்கி, முறைப்படி நடந்து வந்தார்கள். கொட்டுக்காரர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வேறு எங்கோ பார்த்தார். கொட்டுக்காரர் அடிக்கத் தொடங்கினார். பவதாரணி நிலைப்படியிலிருந்து விலகி வழிவிட்டாள்.

நான்கு பெண்கள் பழைய சேலைகளை மறைப்பாகப் பிடித்தார்கள். உள்ளே மகாராணியும் பவதாரணியும் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் தண்ணீர் கறுத்த விரல்களின் வழியே ஓடி இறங்கியது.

"நல்ல கத்திரிப்பூக் கலருடி," என்றாள் மகாராணி மெதுவாக. "நான் பச்ச எடுப்போம்னேன். இவளுக விடல. காட்டுக்குள்ள அது பாத்த பச்ச போதாதான்னுட்டாளுக."

பவதாரணி மடிப்புக் கலையாத சேலையைக் கையில் எடுத்தாள். விலைச்சீட்டைக் கிழித்தாள். இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கைகளை உயர்த்தி ஓங்கி ஒரு உதறு உதறினாள். துணி காற்றில் சொடுக்கியது. மறைப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

சேலை முழு நீளத்துக்கும் விரிந்து, மெல்ல அம்மாவின் மேல் இறங்கியது. அதிலிருந்து எதுவும் விழவில்லை.

தேரைப் பங்காளிகள்தான் தூக்கினார்கள். தொட மாட்டேன் என்றவரும் கடைசியில் பின்கொம்புக்கு வந்து தோள் கொடுத்தார். தெருமுனை வரைக்கும் பெண்கள் போனார்கள். அதற்கு மேல் அவர்கள் போவதில்லை. கொட்டுச் சத்தம் திரும்பி மறைந்த பிறகு தூறல் தொடங்கியது. ஜீப் பெண்கள் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்கள். வீட்டைக் கழுவிவிட வேண்டும்.

மாமா போயிருக்கவில்லை. காளீஸ்வரி அத்தையும் மற்றவர்களும் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் ஜீப்புக்குப் பக்கத்தில் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பட்டின் மேல் தூறல் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. தட்டை எங்கே இறக்கி வைப்பது என்று அங்குமிங்கும் பார்த்தார். பெண்கள் அவருக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, கடந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து போனார்கள்.

பவதாரணியும் அவரைக் கடந்துபோய், வாசலில் இருந்த வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.